காங்கேசன்துறை டூ தாடிக்கொம்பு

வரைபடத்தில் ஒரு ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். இலங்கையின் வடக்கு ஓரத்தில் இருக்கிற காங்கேசன்துறையிலிருந்து எங்கள் தாடிக்கொம்புக்கு நேர்கோட்டில் சுமார் 240 கிலோமீட்டர்தான் வரும். திண்டுக்கல்லில் இருந்து சென்னைக்கு பஸ்ஸில் போகிற தூரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். கடிகாரத்தைத் திருப்பி வைக்கிற வேலை கூட இல்லாத வெளிநாடு. அங்கேயும் இங்கேயும் ஒரே மணி.

ஆனால் 2025 மே மாதக் கடைசியில் அந்த 240 கிலோமீட்டரைக் கடந்து வீடு வந்து சேர எனக்கு 22 மணி நேரம் ஆனது. கப்பல், பல பஸ்கள், ஒரு ஆட்டோ. அந்த 22 மணி நேரமும் நான் ஒரே ஒரு வேலைதான் பார்த்தேன். ஒரு பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன்.

முதலில் நண்பனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம். "மாப்ள" என்று வைத்துக்கொள்வோம், எப்படியும் நான் அவனை அப்படித்தான் கூப்பிடுவேன். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். நான் தாடிக்கொம்பிலிருந்து ஒரு பஸ்ஸில் டவுனுக்கு வருவேன், அவன் தோட்டனூத்திலிருந்து இன்னொரு பஸ்ஸில் வருவான். தோட்டனூத்தில் இருப்பது இலங்கைத் தமிழர் முகாம் என்பது தெரியும். ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்பது எட்டாம் வகுப்பில்தான் புரிந்தது. மாதத்தில் ஒரு நாள் தவறாமல் லீவு போடுவான். ஏன்டா என்று கேட்டால், "இன்னைக்கு ஆள் கணக்கு எடுக்க வருவாய்ங்க, எல்லாரும் வீட்ல இருக்கணும்" என்பான். எங்கள் வீட்டில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று யாரும் மாதாமாதம் வந்து எண்ணியதில்லையே என்று அன்று வீட்டுக்குப் போய் யோசித்தது நினைவிருக்கிறது.

அவன் பிறந்தது 2003-இல், திண்டுக்கல் ஆஸ்பத்திரியில். நானும் அப்படியே. ஆனால் நான் இந்தியன், அவன் இல்லை. சட்டம் அப்படி. 1987 ஜூலை 1-க்கு முன்பு இந்த மண்ணில் பிறந்திருந்தால், பிறந்த ஒரே காரணத்தால் குடியுரிமை உண்டு. அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது குடிமகனாக இருக்கவேண்டும். அவனுடைய அப்பா, அம்மா இரண்டு பேரும் 1990-இல் சின்னப் பிள்ளைகளாகப் படகில் வந்தவர்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானவர்கள் இப்படித்தான் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இங்கேயே பிறந்தவர்கள்.

2019-இல் நாங்கள் பிளஸ் ஒன் படிக்கும்போது அவன் குடும்பம் திரும்பிப் போக முடிவெடுத்தது. ஐ.நா. அகதிகள் ஆணையம் விமான டிக்கெட் கொடுத்தது. திருச்சியில் இருந்து கொழும்பு. அவனுக்கு அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். காகிதத்தின்படி பார்த்தால் அதுதான் அவன் சொந்த நாட்டுக்குப் போகிற பயணம். அவனுடைய அம்மம்மா மட்டும் போகவில்லை. (அம்மாவின் அம்மாவை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவனைப் பார்த்து நானும் அப்படியே பழகிவிட்டேன்.) "அவரை இங்கதான் எரிச்சது, இனி ஒருக்காக் கடல் கடக்க என்னால ஏலாது" என்று சொல்லி, மகனோடு தோட்டனூத்திலேயே தங்கிவிட்டார். அப்படி ஒருமுறை போய்விட்டால் நினைத்தபோது திரும்பி வர முடியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

ஆறு வருடம் வாட்ஸ்அப்பிலேயே ஓடியது. கல்லூரி முடித்து, முதுகலை சேர்ந்து, ஸ்காலர்ஷிப் பணத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, பாஸ்போர்ட் எடுத்து, ஒருவழியாகப் போன மே மாதம் கிளம்பிப் போனேன்.

யாழ்ப்பாணத்தைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். கீரிமலையில் குளித்தது, நல்லூர் ஐஸ்கிரீம் எல்லாம் அதில் வரும். இங்கே ஒரே ஒரு நாள் மட்டும்.

மூன்றாம் நாள் மயிலிட்டிக்குக் கூட்டிப் போனார்கள். காங்கேசன்துறைக்குப் பக்கத்தில் கடலோர ஊர். மீன்பிடித் துறைமுகம் உண்டு. 1990 ஜூன் மாதம் சண்டை நெருங்கியபோது அந்த ஊரே எழுந்து ஓடியது. அதற்குப் பிறகு அந்தப் பகுதி முழுவதும் ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம் ஆகிவிட்டது. துறைமுகத்தையும் அதைச் சுற்றி உள்ள நிலத்தையும் மக்களிடம் திருப்பி விட்டது 2017 ஜூலையில். இருபத்தேழு வருடம் தங்கள் வீட்டுக்குப் போகும் பாதையில் முள்கம்பியைப் பார்த்த ஊர் அது. அம்மம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு அங்கேதான் இருந்தது.

'இருந்தது' என்றுதான் சொல்ல வேண்டும். நான் பார்த்தது பனை, எருக்கு, முள்ளுப் பற்றை. தரையோடு தரையாக ஒரு கல் வரிசை. மாப்ள அந்தக் கல் வரிசை மேல் கால் மாற்றிக் கால் வைத்து நடந்து, "இது ஹாலு, இது சாமி ரூம், இது குசினி" என்று காட்டினான். அவனும் அந்த வீட்டைப் பார்த்ததில்லை. அவன் அம்மா சொன்னதை வைத்துச் சொல்கிறான். அவன் அம்மாவே அந்த வீட்டை விட்டு ஓடியபோது எட்டு வயதுப் பிள்ளை.

முழுசாக இருந்தது கிணறு ஒன்றுதான். மண்ணும் குப்பையும் மூடிக் கிடந்ததை அந்த வருடம் பிப்ரவரியில்தான் ஆள் வைத்து இறைத்துச் சுத்தம் பண்ணியிருந்தார்கள். அவன் அம்மா வாளியைப் போட்டு இழுத்து, ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, மூடியை இறுக்கித் திருகி என் கையில் கொடுத்தார்.

"அம்மாட்டக் குடுத்துரு தம்பி. எங்க வீட்டுக் கெணத்துத் தண்ணிண்டு சொல்லு."

அவர் அந்தப் பக்கம் போனதும் மாப்ள என்னைத் தனியாக இழுத்தான்.

"டேய், அம்மம்மா வீட்டப் பத்திக் கேட்டா, இருக்குண்டு சொல்லிரு. ஓடு மட்டும் இல்லைண்டு சொல்லு."

"ஏன்டா?"

"நாங்க வந்த புதுசுல ஃபோன்ல கேட்டுச்சு. என்னால இல்லைண்டு சொல்ல முடியல. இருக்குண்டு சொல்லிட்டேன். ஃபோட்டோ அனுப்புண்டு கேட்டப்ப, ஆர்மி ஏரியா, எடுக்க விட மாட்டாய்ங்கண்டு சமாளிச்சேன். அப்படியே ஆறு வருசம் ஓடிப் போச்சு மாப்ள."

அவன் பேச்சைக் கவனித்தீர்களா? ஆறு வருடம் யாழ்ப்பாணத்தில் இருந்தும் அவன் வாயில் இருப்பது திண்டுக்கல்தான். "அங்க இருந்தப்ப என்னைய சிலோன்காரன்ட்டாய்ங்க. இங்க வந்தா இந்தியாக்காரன்ங்கிறாய்ங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வான். அவன் பிறந்த ஊருக்கு அவன் ஒருமுறை வந்து போக வேண்டுமானால் சுற்றுலா விசா எடுக்க வேண்டும்.

கிளம்புகிற நாள் காலை பத்தரை மணிக்கு வீட்டில் இருந்து ஆட்டோ. என் பையில் ஒடியல் மா இரண்டு பாக்கெட், குட்டானில் பனங்கட்டி, பருத்தித்துறை வடை, அப்புறம் அந்த பாட்டில். துறைமுகத்துக்குப் போகிற வழியில் காங்கேசன்துறை சிமென்ட் ஆலை தெரிந்தது. 1990-இல் நின்று போனதோடு சரி, எலும்புக்கூடு மாதிரி நிற்கிறது. அங்கிருந்து மயிலிட்டி சில கிலோமீட்டர்தான். அம்மம்மாவின் கிணற்றில் இருந்து பார்த்தால் நாகப்பட்டினம் போகிற கப்பல் தெரியும் என்று தோன்றியது.

வாசலில் மாப்ள கட்டிப்பிடிக்கவெல்லாம் இல்லை. "போய்ட்டு மெசேஜ் போடு" என்றான். இரண்டு அடி போனதும், "ஓடு மட்டும் இல்லை, ஞாபகம் வச்சுக்க" என்று கத்தினான்.

கப்பலின் பெயர் 'சிவகங்கை'. 150 பேர் உட்காரலாம். நாகைக்கும் காங்கேசன்துறைக்கும் நடுவே 60 கடல் மைல், அதாவது சுமார் 110 கிலோமீட்டர். நாலு மணி நேரம். 2023 அக்டோபர் 14-ஆம் தேதி 'செரியபாணி' என்ற கப்பலோடு இந்தப் பாதை தொடங்கி, சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் இந்தக் கப்பலோடு மறுபடி தொடங்கியது. மழைக்காலம் வந்தால் நின்றுவிடும்.

இது ஏதோ புதுசு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நம் தாத்தாக்களுக்கு இது நம்மை விடச் சுலபமாக இருந்திருக்கிறது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த கையோடு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓட ஆரம்பித்தது. எழும்பூரில் கொழும்புக்கு ஒரே டிக்கெட் வாங்கலாம். இந்தக் கரையில் ஒரு ரயில், நடுவில் கப்பல், அந்தக் கரையில் இன்னொரு ரயில். போட் மெயில் என்று இன்றைக்கும் ராமேஸ்வரம் ரயிலை நாம் கூப்பிடுவது அதனால்தான், போட் இல்லாமல் போய் எத்தனையோ வருடம் ஆன பிறகும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு ராமேஸ்வரத்தில் இருந்து ஓடிய கப்பலும் 1980-களில் சண்டையோடு நின்றது. அதற்குப் பிறகு ஒரு தலைமுறைக்கு இந்தக் கடல் என்பது, இரவில் படகில் உயிரைப் பிடித்துக்கொண்டு கடக்கிற இடம் மட்டும்தான்.

இந்த வரலாற்றையெல்லாம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கம்பீரமாக யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். நடந்தது வேறு. மே மாதம் சோளகக் காற்று தொடங்கிவிடும், கப்பல் ஆடும் என்று மாப்ளயின் அப்பா முன்னாடியே எச்சரித்திருந்தார். கரை மறைந்த அரை மணி நேரத்தில் ஆட ஆரம்பித்தது. எனக்கு வயிறு தொண்டைக்கு வந்தது. காலையில் சாப்பிட்ட புட்டும் சொதியும் கவருக்குள் போயின. நாகரிகமாக இதற்கு மேல் சொல்ல முடியாது :-)

பக்கத்து சீட்டில் கதிர்காமம் போய்விட்டுத் திரும்புகிற ஒரு அம்மா, காரைக்கால் பக்கம். கைப்பையில் இருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து, "மோந்துக்கிட்டே வா தம்பி, கடலைப் பார்க்காதே" என்றார். வாயைக் கொப்பளிக்கத் தண்ணீர் வேண்டும். என்னுடைய பாட்டில் காலி. எழுந்து போய் வாங்குகிற தெம்பு சுத்தமாக இல்லை.

பையில் அந்த இன்னொரு பாட்டில் இருந்தது.

ஒரே ஒரு மடக்கு என்று நினைத்துத்தான் திறந்தேன். கொஞ்சம் உப்புக் கரித்தது. ஆனால் குளுமையாக இருந்தது. பத்து நிமிஷம் கழித்து மறுபடி ஒரு மடக்கு. அப்புறம் கொப்பளிக்க ஒன்று. தூரத்தில் இந்தியக் கரை தெரிகிறது என்று எல்லோரும் எழுந்து பார்த்தபோது, நான் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். பாதி இல்லை.

முப்பத்தைந்து வருடம் காத்திருந்த ஒரு பாட்டிக்குக் கொண்டு போகிற தண்ணீர். அதில் பாதியை வாந்தி எடுத்த வாயைக் கழுவிக் குடித்துத் தீர்த்திருக்கிறேன்.

நாகப்பட்டினத்தில் இறங்கும்போது மாலை ஆறு மணி. சுங்கத்தில் பையைத் திறக்கச் சொன்னார்கள். ஒடியல் மாவைப் பார்த்து ஒரு அதிகாரி புருவத்தை உயர்த்தினார்.

"என்ன பவுடர் இது?"

"ஒடியல் மா சார். பனங்கிழங்கைக் காய வச்சு அரைச்சது. கூழ் காய்ச்சுவாங்க."

மோந்து பார்த்தார். நம்பினார். அடுத்து பாட்டில்.

"இது?"

"தண்ணி சார்."

"தண்ணியா, தண்ணியா?"

"கெணத்துத் தண்ணி சார். ஒரு பாட்டிக்கு. அவங்க ஊர்க் கெணறு."

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். மூடியைச் சரியாகத் திருகி, பாட்டிலைப் படுக்க வைக்காமல் பையில் நிமிர்த்தி வைத்து, ஜிப்பை அவரே மூடினார்.

நாகப்பட்டினத்தில் இருந்து திருவாரூர், தஞ்சாவூர், திருச்சி, மணப்பாறை, திண்டுக்கல் வரை ஒரே ரோடுதான், தேசிய நெடுஞ்சாலை 83. அது அங்கேயும் நிற்காமல் பழனி வழியாகக் கோயம்புத்தூர் வரை போகிறது. கடலில் கோடு இல்லை, ஆனால் பாஸ்போர்ட் வேண்டும். இந்தக் கரையில் கால் வைத்துவிட்டால் பஸ்ஸுக்குச் சில்லறை இருந்தால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம். அந்தச் சுலபம் அன்றைக்குத்தான் முதல்முறையாக உறைத்தது.

பொய்யைத் தயார் பண்ண ஆரம்பித்தது திருவாரூர் பஸ்ஸில்.

முதல் பொய், மாப்ள சொல்லிக் கொடுத்தது. வீடு இருக்கிறது, ஓடு மட்டும் இல்லை. சொல்லிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அம்மம்மா அதோடு விடுவாரா? முன் விறாந்தைத் தூண் நிற்கிறதா என்று கேட்பார். எந்தக் கதவு என்ன நிறம் என்று கேட்பார். நான் பார்க்காத வீட்டைப் பற்றி அதில் வாழ்ந்தவரிடம் எத்தனை கேள்விக்குத் தாங்குவேன்?

தஞ்சாவூர் வந்தபோது இரண்டாவது பொய் தயார். நான் மயிலிட்டிக்கே போகவில்லை, நேரம் கிடைக்கவில்லை. இதில் ஓட்டையே இல்லை. ஆனால் பையில் பாட்டில் இருக்கிறது. தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் பாட்டிலோடு கொஞ்ச நேரம் நின்றேன். பாதி குடித்ததையும் மறைக்கலாம், போனதையும் மறைக்கலாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். மூடியைத் திறக்கக் கூடச் செய்தேன். அந்த சுங்க அதிகாரி பாட்டிலை நிமிர்த்தி வைத்தது ஞாபகம் வந்தது. மூடிவிட்டு திருச்சி பஸ்ஸில் ஏறினேன்.

திருச்சியில் இறங்கியபோது மணி பதினொன்றரை தாண்டிவிட்டது. மத்தியப் பேருந்து நிலையத்தில் பரோட்டா தட்டுகிற சத்தம். வயிறு காலி, ஆனால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. டீ மட்டும் குடித்தேன். இதே திருச்சியில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கொட்டப்பட்டு முகாம் இருக்கிறது. அங்கே இருந்த ஒரு பெண், தான் 1987-க்கு முன்பே மண்டபத்தில் பிறந்தவர் என்று நீதிமன்றம் போய், 2022-இல் மதுரைக் கிளையில் தீர்ப்பு வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டுப் போட்டார். செய்தியில் படித்தபோது மாப்ளக்கு அனுப்பினேன். "நல்லாருக்குடா, நா பதினாறு வருசம் லேட்டாப் பொறந்துட்டேன்" என்று பதில் வந்தது. அவனால் எல்லாவற்றையும் இப்படிச் சிரித்துச் சொல்ல முடிகிறது. அம்மம்மாவிடம் ஒரே ஒரு வரியைச் சொல்ல மட்டும் முடியவில்லை.

திண்டுக்கல் பஸ்ஸில் ஜன்னல் ஓர சீட். மணப்பாறையில் முறுக்கு விற்கிறவர் கூட இல்லை. வையம்பட்டி, அய்யலூர், வடமதுரை. இருட்டில் ஊர்ப் பலகைகளை வைத்துத்தான் தெரிந்தது. தூக்கம் வரவில்லை. மூன்றாவதாக உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். "வீடு இல்ல அம்மம்மா." நாலு வார்த்தை கூட இல்லை. மனசுக்குள் சொல்லும்போதே தொண்டை அடைத்தது.

இரண்டே முக்காலுக்கு திண்டுக்கல். இருட்டில் மலைக்கோட்டை ஒரு கறுப்புத் திட்டாகத் தெரிந்தது. வெளிநாடு போய்விட்டு வருகிறவனுக்கு மலைக்கோட்டையைப் பார்த்தால் வருகிற நிம்மதியை திண்டுக்கல்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கிருந்து தாடிக்கொம்பு பத்து கிலோமீட்டருக்குள்தான். அப்பாவுக்கு ஒரு ஃபோன் போட்டால் பைக்கில் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார். ஆனால் ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டால் தைரியம் போய்விடும், பாட்டில் அலமாரியில் உட்கார்ந்துவிடும் என்று தெரியும். பஸ் ஸ்டாண்ட் பெஞ்சிலேயே பையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தேன். விடிகாலை முதல் பஸ்ஸில் தோட்டனூத்து.

முகாம் முன்பு மாதிரி இல்லை. நாங்கள் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் பத்துக்குப் பத்து அறைகள், தகரமும் ஓலையும். 2022 செப்டம்பரில் 321 புது வீடுகள் கட்டித் திறந்தார்கள். பெயரும் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியிருக்கிறது. அம்மம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்.

"ஆரது? ஐயோ என்ர ராசா, நீயே! வா மோனை, உள்ளுக்கு வா. பிள்ளையள் எல்லாம் சுகமாய் இருக்கினமோ?"

முப்பத்தைந்து வருடம் திண்டுக்கல்லில் இருந்தும் அவர் வாயில் இருப்பது மயிலிட்டிதான். பேரனும் பாட்டியும் ஆளுக்கொரு கரையில் மாற்றி உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒடியல் மாவைக் கொடுத்தேன். மோந்து பார்த்தார். பனங்கட்டிக் குட்டானைத் தடவிப் பார்த்தார். கடைசியாக பாட்டிலை எடுத்து வைத்தேன். அதற்கு மேல் தாங்காமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். உங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி, அம்மா கொடுத்து விட்டாங்க, கப்பல்ல வாந்தி வந்துச்சு, வேற தண்ணி இல்ல, பாதிய நான் குடிச்சிட்டேன், மன்னிச்சுக்கங்க.

அவர் பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீ குடிச்சனியே? தண்ணி என்ன மாதிரி இருந்தது?"

"லேசா உப்புக் கரிச்சுச்சு அம்மம்மா."

அவ்வளவுதான். சிரிக்க ஆரம்பித்தார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"அப்ப அது எங்கட கிணறுதான்! அது சவர்த் தண்ணியடா. நாங்கள் ஒருநாளும் அதைக் குடிக்கிறேல்லை. குளிக்க, உடுப்புத் தோய்க்கத்தான். குடிக்கிற தண்ணிக்குக் கோயில் கிணத்துக்கெல்லே போறனாங்கள். அவள் சின்னப் பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும்?"

மூடியைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நாக்கில் வைத்தார். பிறகு ஒரு மடக்குக் குடித்தார். "ஓம். அதுதான்" என்றார். சிரிப்பு நின்றிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல், பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"வீடு இல்லைத்தானே, மோனை?"

திருவாரூர், தஞ்சாவூர், திருச்சி மூன்றும் தலையில் வந்து போயின. ஒன்றும் வாயில் வரவில்லை. நான் சும்மா இருந்தேன்.

"எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் திறந்து விட்ட வருசமே, கனடாவில இருந்து போன பக்கத்து வீட்டுப் பிள்ளை படம் எடுத்து அனுப்பினவள். கல்லு மட்டும்தான் கிடந்தது."

"அவன்கிட்ட ஏன் அம்மம்மா சொல்லல? அவன் ஆறு வருசமா..."

"அவன் என்னைச் சமாளிக்கிறன் எண்டு நினைச்சுச் சந்தோசமாய் இருக்கிறான். ஏன் கெடுப்பான்? நீயும் சொல்லாத."

அங்கிருந்து தாடிக்கொம்பு வந்து சேர எட்டரை மணி. பஸ்ஸை விட்டு இறங்கியதும் சௌந்தரராஜப் பெருமாள் கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அம்மா கதவைத் திறந்து, "என்னடா இப்படிக் கறுத்துப் போயிட்ட, சாப்ட்டியா?" என்று கேட்டார். ஏன் இவ்வளவு நேரம் என்று அப்பா கேட்டார். கப்பல் லேட் என்று சொன்னேன். பொய் ஒன்றை வெளியே எடுத்ததில் கொஞ்சம் லேசாக இருந்தது.

ராத்திரி மாப்ள ஃபோன் பண்ணினான்.

"வீட்டப் பத்திக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. ஓடு மட்டும் இல்லைண்டு சொல்லிட்டேன்."

"நம்பிட்டாங்களா?"

"நம்பிட்டாங்க மாப்ள."

நாகப்பட்டினத்திலிருந்து ஒத்திகை பார்த்த பொய் வீணாகவில்லை. ஆள் மட்டும் மாறிவிட்டது.

இதை இத்தனை நாள் எழுதாமல் வைத்திருந்ததற்கு அதுதான் காரணம். இப்போது எழுதலாம். மயிலிட்டி நிலத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டலாம் என்று மாப்ளயின் அப்பா போன வாரம் முடிவு பண்ணியிருக்கிறார். அம்மம்மாவிடம் ஃபோனில் சொன்னார்களாம். அவர் சந்தோஷத்தில் தன்னை மறந்து, "பழைய அத்திவாரத்தைக் கிண்டி எறிஞ்சு போடாதேங்கோ, அது நல்ல கல்லு, அதுக்கு மேலயே கட்டலாம்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் யாருமே பேசவில்லையாம்.

உடனே எனக்கு ஃபோன். "டேய், கெழவிக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குடா!"

"தெரியும் மாப்ள."

பத்து நிமிஷம் திட்டினான். சுத்தமான திண்டுக்கல் தமிழில். ஆனந்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீடு முடிந்ததும் கிரகப்பிரவேசத்துக்கு வரச் சொல்லியிருக்கிறான். போவேன். இந்த முறை எலுமிச்சம்பழம் ரெண்டு, குடிக்கிற தண்ணீர் ரெண்டு பாட்டில். திரும்பி வரும்போது அம்மம்மாவுக்குக் கோயில் கிணற்றுத் தண்ணீர்.